நேத்தைக்கு இன்னைக்குத் தேவல

பெட்டர் என்கிற ஆங்கிலச் சொல்லிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து ஆங்கில நாவல்களைத் தமிழாக்குவது என் வேலை. பழைய நாவல்களில் நோயாளியின் கட்டிலருகே யாராவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் நான் பின்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிடுவேன். இரண்டு அத்தியாயம் தாண்டுவதற்குள் ஆளைப் புதைத்துவிடுவார்கள். வாசகரைக் கொஞ்சம் மூச்சுவிட வைத்து அப்புறம் அடிக்க, எழுதுகிறவர்களுக்கு அது தோதான சொல்.

அதனால்தான் திருநெல்வேலி டாக்டர் என் கணவரின் தொண்டையைப் பார்த்துவிட்டு, "பெட்டர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தியபோது எரிச்சல் வந்தது. குரல்நாணில் இருந்த சின்னக் கட்டியை எடுத்திருந்தார்கள். பயப்படும்படியான கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆனால் குரல் திரும்புமா என்பது போகப் போகத்தான் தெரியும். அதுவரை முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று உத்தரவு. சங்கரன்கோவில் ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அவர். துண்டு வாங்க வந்தவரைப் பட்டுச்சேலையோடு அனுப்பிவைக்கும் வாய். குரல் போனால் மனிதர் உடைந்துபோவார். எதைவிட பெட்டர் என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். இவர் வீட்டில் ஊமையாக உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு அமைதியில் நான் வேலை பார்த்ததே இல்லை. போகப் போக அந்த அமைதி என்னை அரிக்க ஆரம்பித்தது. வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று, எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன்.

அப்போது தமிழாக்கிக்கொண்டிருந்த நாவலில், நோயில் கிடக்கும் ஒரு தாய் தூரதேசத்து மகனுக்கு எழுதுகிறாள்: இன்று பெட்டர். "இன்று நலமாக இருக்கிறேன்" என்று வாசித்தேன். இவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். "குணமாகிவிட்டேன்." அதற்கும் கையை விரித்தார்.

"பின்னே நீங்களே சொல்லுங்க" என்று சீறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். "மதினி, அண்ணாச்சிக்கு இப்பம் எப்படி இருக்கு?"

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவல" என்றேன்.

இவர் நாற்காலிக் கையில் டொக்கு டொக்கென்று தட்டி, என் காகிதங்களைக் காட்டினார்.

எங்கள் பக்கம் நோயாளியைப் பற்றிக் கேட்டால் முழுக்கக் குணம் என்று யாரும் சொல்வதில்லை, கண்பட்டுவிடும். மோசம் என்று சொல்லவும் மனசு வராது. நேற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்றைக்குத் தேவலை என்போம். நாளைக்கு என்ன ஆகுமோ, அதை யார் கண்டது? அந்தத் தாயும் மகனைப் பயமுறுத்தாமல், பொய்யும் சொல்லாமல் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். தேவலை என்றே போட்டேன். பேச்சுவழக்கு என்று பதிப்பகத்தில் யாராவது மாற்றினால் சண்டை போடுவதாக இருக்கிறேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர், "ஏதாவது பேசுங்க" என்றார்.

இவர் எச்சில் விழுங்கி, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு குரல்.

"பழைய குரல் வராது, இதுதான் இருக்கும். கொஞ்சமாப் பேசுங்க" என்றார் டாக்டர். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

பஸ் ஏறியதும் ஆரம்பித்தார். "அந்த டாக்டர் போட்டிருக்க சட்டை ரெண்டு வெளுப்புல சாயம் போயிரும், பாத்துக்க." அப்புறம் தம்பி கடையில் சரக்கு அடுக்கியிருக்கும் லட்சணம், டிரைவர் பஸ்ஸை உருட்டுகிற அழகு. மானூர் தாண்டியும் ஓயவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரும்வரை இவர் வாயை மூடவில்லை. மூடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.