கண்ணாடி சீன்ல வந்த கை

எங்கண்ணனுக்கு ரெண்டு வாய். ஒண்ணு மூஞ்சியில இருக்கு, அது வேலை செய்யாது. இன்னொண்ணு போன்ல இருக்கு, அது ஓயாது.

மூக்குக்கண்ணாடிக் கடையில லென்ஸ் பொருத்துற வேலை அவனுக்கு. கடையோட முன்பக்கம் பூரா வெளிச்சம், சுவர் நிறைய ஃப்ரேம். இவன் உட்கார்றது தடுப்புக்குப் பின்னால. லென்ஸ் ஓரத்தைத் தேய்க்கிற மெஷின், குட்டிக் குட்டி ஸ்க்ரூ போட்டு வச்ச டப்பா, ஃப்ரேமைச் சூடு காட்டி வளைக்க ஒரு ஹீட்டர், இதுதான் அவன் உலகம். வாடிக்கையாளர் வந்தா வெளியில வருவான். "நேரா பாருங்க"ம்பான். மூக்குல மாட்டுவான், காதுக்குப் பின்னால கம்பியை அழுத்துவான், ரெண்டு கை விரலாலயும் ஓரத்தைப் பிடிச்சு மெல்ல ஒரு திருத்து. "சரியா இருக்கா?" அதோட பேச்சு முடிஞ்சுது. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு முதலாளியே கேட்டுப் பார்த்து அலுத்துட்டார்.

அந்த விரல் சும்மா இருக்காது, அதுதான் வியாதி. கோணலா ஒரு கண்ணாடியைக் கண்டா போதும், யாரு என்னன்னு பார்க்காம கை தானா போயிடும். பஸ்ல எதிர்சீட்டு ஆள் மூக்குல கை வச்சு அறை வாங்கப் பார்த்திருக்கான். எங்கப்பா செத்த அன்னிக்கு, தலையில அடிச்சுக்கிட்டு அழுத சித்தப்பாவோட கண்ணாடியைப் போய் நேர் பண்ணினான். சித்தப்பா அழுகையை நிறுத்திட்டு, "என்னடா இது?"ன்னு முறைச்சார்.

எனக்கு இடது காது கொஞ்சம் இறக்கம். இவன் எப்படி வளைச்சுக் கொடுத்தாலும் என் கண்ணாடி ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் நிக்கும். நான் கொரியர் ஆபீஸ்ல பார்சல் எடை போட்டு, நாள் பூரா சண்டை பிடிச்சுட்டு வீடு வந்தா, வாசல்லயே கையை நீட்டிக்கிட்டு வருவான். "சும்மா இரு, நான் என்ன உன் கடை பொம்மையா?"ன்னு தட்டிவிடுவேன். கல்யாணம் ஆகாத அண்ணன், புருஷன் வெளியூர்ல இருக்கிற தங்கச்சி, ரெண்டு ரூம் வீடு. வேற யாரைத்தான் தட்டிவிட முடியும்?

கடையில எலி, குழுவுல புலி. ஆன்லைன்ல சினிமா ரசிகர் குழு ஒண்ணு இருக்கு, அதுல அவன் பேரு பால்கனி. புதுப்படம் வந்தா பால்கனி என்ன சொல்றார்னு ஒரு கூட்டமே காத்துக்கிட்டு கிடக்கும். பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து அவன் ஒரே நடிகருக்குத்தான் ரசிகன். குழுவுல அவருக்கு "எங்காளு"ன்னு பேரு. குழுவுலயே எதிர்க்கட்சியா இருக்கிற பசங்க கொண்டாடுற நடிகர் "அந்தாளு." எங்காளு நடந்தா நடை, அந்தாளு நடந்தா நொண்டல். எங்காளு சும்மா நின்னா அடக்கம், அந்தாளு சும்மா நின்னா மரக்கட்டை. இதை விளக்கி எங்கண்ணன் பக்கம் பக்கமா எழுதுவான். நானும் ஒரு பொய்ப்பேர்ல உள்ள போய் வேடிக்கை பார்ப்பேன். எனக்கு வீட்டுல ஒரு வார்த்தை கிடைக்காது, அங்க போனா அண்ணன் பேசுறதைக் கேட்கலாம்.

இந்த வருஷம் சிறந்த நடிகர் விருதுக்கு ரெண்டு பேருக்கும்தான் போட்டின்னு ஊரே பேசுச்சு. எங்காளுக்கு முட்டி போயாச்சு, இதுதான் கடைசிப் படம்னு அறிவிச்சாச்சு. ஒரு தடவைகூட அந்த விருது கிடைச்சதில்ல. இப்ப விட்டா எப்பவும் இல்ல. அண்ணனுக்குச் சோறு இறங்கலை. தனக்கு ஒரு நல்லது நடக்கணும்னுகூட அவன் அப்படித் தவிச்சு நான் பார்த்ததே இல்ல.

அந்தாளு படத்துல அவருக்குக் கண்ணாடி போட்ட அப்பா வேஷம். ஷூட்டிங் தொடங்குறதுக்கு முன்னாலயே, அறிவிப்பு வந்த அன்னிக்கே அண்ணன் எழுதிட்டான்: "கண்ணாடி மாட்டினா நடிப்பு வந்துடுமா?" குழுவே விழுந்து விழுந்து சிரிச்சுது.

எதிரியோட பலம் தெரிஞ்சுக்கணும்னு சொல்லி என்னையும் இழுத்துக்கிட்டு அந்தப் படத்துக்குப் போனான். யாராவது குழுக்காரன் பார்த்துடுவானோன்னு தொப்பி வேற. ஏதோ பெரிய கொலைகாரன் மாதிரி! இடைவேளைக்கு அப்புறம் அந்தச் சீன் வந்துது. ஆஸ்பத்திரி நடைபாதை. மகன் செத்துட்டான்னு அப்பாகிட்ட டாக்டர் சொல்றார். அப்பா அழலை. குனியறார், நிமிர்றார், கண்ணாடி ஒரு பக்கமா நழுவித் தொங்குது. அப்ப கும்பல்லேர்ந்து முகம் தெரியாத யாரோ ஒருத்தரோட ரெண்டு கை நீண்டு வந்து, அந்தக் கண்ணாடியை மெல்லத் தூக்கி நேரா வைக்குது. அந்தாளு தலையைத் தூக்கி, கையை நீட்டின ஆளைப் பார்க்கிறார். வெறும் பார்வைதான். அப்படியே முகம் உடைஞ்சு போகுது. தியேட்டர் பூரா மூக்கை உறிஞ்சுது.

எனக்கு அழுகை வரலை. நான் அந்தக் கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வலது கட்டைவிரல் நகத்துல பாதி கறுப்பு. லென்ஸ் மெஷின்ல மாட்டி நசுங்கி, அப்புறம் கறுப்பு போகவே போகாத நகம். நான்தான் மருந்து போட்டேன்.

"அண்ணே"ன்னேன்.

"வாயை மூடுடி"ன்னான். தொப்பியை இன்னும் கீழ இறக்கிக்கிட்டான்.

வீடு வந்து துருவித் துருவிக் கேட்டதுல வெளிய வந்த விஷயம் இதுதான். படத்துக்கு வேண்டிய கண்ணாடியெல்லாம் இவன் கடையிலதான் வாங்கியிருக்காங்க. லைட் பட்டா மின்னுதுன்னு புகார் வரவும், வேற லென்ஸ் மாட்டிக் கொடுக்க முதலாளி இவனை ஷூட்டிங்குக்கு அனுப்பியிருக்கார். மாட்டிக் கொடுத்துட்டு கிளம்புறப்ப, கும்பல்ல ஆள் குறையுது, அந்த பெஞ்ச் பக்கத்துல கொஞ்சம் நில்லுங்க சார்னு யாரோ கெஞ்சியிருக்காங்க. இவனுக்கு மாட்டேன்னு சொல்ற வாய் ஏது? நின்னிருக்கான். அந்தாளு வந்தார், குனிஞ்சார், கண்ணாடி கோணிச்சு. இவன் கை போயிடுச்சு. சீன்ல அப்படி ஒண்ணும் கிடையாது, யாரும் சொல்லவும் இல்ல. தன் விரலாலயே தன் கண்ணைக் குத்திக்கிறதுன்னா இதுதான்.

எதிரி நடிகரோட ஷூட்டிங்குக்குப் போனதே துரோகம்னு குழுவுல மூச்சு விடலை. வீட்டுலயும் சொல்லலை, கல்லுளிமங்கன்.

மறுநாள்லேர்ந்து குழு பத்திக்கிட்டு எரிஞ்சுது. அந்தச் சீனுக்குக் "கண்ணாடி சீன்"னு பேரே வச்சுட்டாங்க. எதிர்க்கட்சியில இடைவேளைன்னு ஒருத்தன், அண்ணனோட பரம எதிரி, அவன் எழுதினான்: "கண்ணாடி மாட்டினா நடிப்பு வருமான்னு கேட்ட பால்கனி எங்கே? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இப்ப எது கோணல்?" எங்காளு கட்சிப் பையன் ஒருத்தன், குழு அட்மின், பேரு முதல் ஷோ. அண்ணன் எழுத்துன்னா உயிர் அவனுக்கு. "பால்கனி அண்ணே, ஏன் பேசாம இருக்கீங்க? ஒரு வெட்டு வெட்டுங்க"ன்னு கெஞ்சினான்.

வெட்ட அரிவாள் அண்ணன் கையிலதான் இருந்துது. அந்தச் சீன் திட்டம் இல்ல, நடிப்பு இல்ல, ஒரு கடைக்காரன் கை தவறிப் போன விபத்துன்னு ஒரு வரி போட்டா போதும். கறுப்பு நகத்தைப் படம் பிடிச்சுப் போட்டா சாட்சி. ஊரே திரும்பிப் பார்க்கும், விருது பத்தின பேச்சே திசை மாறும். நான் சொன்னேன். அடுப்படியில நின்னுக்கிட்டுக் கத்தினேன். "எங்காளு எங்காளுன்னு உயிரை விட்டியே, அவருக்கு ஒரே ஒரு தடவை உதவுற நேரம் வந்திருக்கு. போடேன்!"

போனை எடுத்தான். தட்டினான். அழிச்சான். மறுபடி தட்டினான்.

"என்னதான் பிரச்சினை உனக்கு?"

போனைக் கீழ வச்சான். அப்புறம் பேசினான். வீட்டுல அவன் சேர்ந்தாப்புல அத்தனை வார்த்தை பேசினது அன்னிக்குத்தான்.

"கை போனதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. கட் சொல்லிக் கத்தப்போறாங்கன்னு நினைச்சேன். அந்தாளு அசையலை. என்னைப் பார்த்தார். கண்ணாடி மாட்டிவிட்டா எல்லாரும் எதைப் பார்ப்பாங்க? தன் மூஞ்சியை. நான் எத்தனை பேருக்கு மாட்டியிருக்கேன், ஒருத்தர் என்னைப் பார்த்ததில்ல. இவர் பார்த்தார். பிள்ளை செத்தப்புறமும் எனக்குன்னு ஒருத்தன் ஏதோ செய்றானேங்கிற மாதிரி. எனக்கு ஷூட்டிங்கே மறந்துடுச்சு பாப்பா. 'மனசைத் தேத்திக்குங்க'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு."

"சரி, அது நடிப்பா, இல்லையா?"

"அதுதான்டி நடிப்பு"ன்னான். சொல்லிட்டு, கெட்ட வார்த்தை பேசிட்டவன் மாதிரி சுவத்துல ஒட்டியிருந்த எங்காளு படத்தைத் திரும்பிப் பார்த்தான்.

விருது நாள் ஞாயித்துக்கிழமை சாயங்காலம். டிவி முன்னால ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். எங்காளு முதல் வரிசையில, கைத்தடியோட. உறையைப் பிரிச்சாங்க. அந்தாளு பேரைத்தான் படிச்சாங்க. எங்காளு சிரிச்சுக்கிட்டே கைதட்டினார். அண்ணன் அதைப் பார்க்க முடியாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

அந்தாளு மைக்கைப் பிடிச்சார். கண்ணாடி சீன் எப்படி வந்துதுன்னு தொகுப்பாளினி கேட்டா. "அது நான் யோசிச்சு டைரக்டர்கிட்ட சொன்னது. அந்தக் கும்பல்ல நின்ன தம்பிக்கு எப்படிக் கையை நீட்டணும்னு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். பாவம், அவருக்கு வரவே இல்ல"ன்னார். சபை சிரிச்சுது.

எனக்கு உச்சி மண்டை கொதிச்சுது. "அடப்பாவி! பச்சைப்பொய்! அண்ணே, இதுக்கு மேலயும் நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. போடு. இப்பவே போடு!"

அவன் டிவிக்குப் பக்கத்துல போய் உத்துப் பார்த்தான். "பொய் சொல்றப்ப கண்ணைத் தரையில போடுறார் பாரு. மேடையில அந்தாளுக்கு நடிக்க வரலை"ன்னான்.

"அதைத்தான் எழுதுன்றேன்!"

"எழுதினா அந்தப் பார்வையும் பொய்னுடுவாங்க. நம்ம பசங்கதான் முதல்ல சொல்லுவாங்க. அது பொய் இல்ல. அவ்வளவு பக்கத்துலேர்ந்து பார்த்தது நான் ஒருத்தன்தான்."

போனை எடுத்தான். இந்தத் தடவை அழிக்கலை. நான் என் போன்ல பார்த்தேன். "எங்காளுக்குக் கிடைக்கலைன்னு எனக்கு நெஞ்சு வலிக்குது. ஆனா விருது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு. கண்ணாடி சீன்ல அந்தப் பார்வைக்கு முன்னால நான் எழுதினது எல்லாம் வெட்டி. வாழ்த்துகள்." கை பத்தி ஒரு எழுத்து இல்ல.

மழை மாதிரி கொட்டுச்சு. விலை போயிட்டார்னு ஒருத்தன். பால்கனி இடிஞ்சு விழுந்துடுச்சுன்னு ஒருத்தன், அதுக்கு ஊர்ப்பட்ட சிரிப்பு. இடைவேளைகூட, "எங்களுக்கு உங்க சான்றிதழ் தேவையில்ல"ன்னு எழுதினான். முதல் ஷோ ஒண்ணும் எழுதலை. பால்கனியைக் குழுவுலேர்ந்து நீக்கிட்டான்.

அண்ணன் போனைக் கவிழ்த்து வச்சான். அவன் பேசுறதுக்கு இருந்த ஒரே இடம் அது. திங்கக்கிழமை போய்த் தடுப்புக்குப் பின்னால உட்காருவான், "நேரா பாருங்க"ம்பான், வீட்டுக்கு வருவான். இனிமே அவ்வளவுதான்.

"நீயும் ஒரு மனுஷனா?"ன்னு ஆரம்பிச்சேன். ஒரு பாட்டம் திட்டினேன். ஏமாளின்னேன், வாயில்லாப் பூச்சின்னேன், உன்னை ஊரே மிதிச்சுட்டுப் போகுதேன்னேன். கையை ஆட்டி ஆட்டிக் கத்தினதுல என் கண்ணாடி கன்னத்துக்கு இறங்கிடுச்சு.

எழுந்து வந்தான். ரெண்டு விரலால ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கி, காதுக்குப் பின்னால கம்பியை மெல்ல அழுத்தி, நேரா வச்சான். "சரியா இருக்கா?"ன்னான். கையைத் தட்டிவிடணும்னு எனக்குத் தோணவே இல்ல. நிமிர்ந்து அவன் மூஞ்சியைப் பார்த்தேன். உடைஞ்சு அழுதுட்டேன்.

எனக்கு யாரும் விருது கொடுக்கலை.