மச்சியின் மான்களும் எங்கள் முற்றத்து நெல்லும்

என் கணவரின் தங்கை, அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில் ஒரு விவசாயக் கிராமத்தில் இருக்கிறா. நாங்கள் ஒருவரையொருவர் 'மச்சி' என்றுதான் கூப்பிடுவோம். உறைந்த ஏரிக்கு மேல் கார் ஓடுவதையும், வீட்டைப் பூட்டாமலே கடைக்குப் போவதையும் வீடியோ எடுத்து அனுப்புவா. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பின்வாசலில் போட்ட சோளத்தை மான்கள் வந்து தின்ற வீடியோவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இலங்கையின் கிழக்கே, எங்கள் வரிப்பத்தான்சேனைக் கிராமத்தில் மயிலுக்கா பஞ்சம்? மறுநாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, முற்றத்தில் ஒரு சுளகு நெல்லை வைத்து, கைப்பேசியோடு காத்திருந்தேன். ஒரு மயிலும் வரவில்லை. வந்த எரிச்சலில் நெல்லை அப்படியே விட்டுவிட்டேன்.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பிக் கதவைத் திறக்கப் போனபோது கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வெளிய போகாத புள்ள, முத்தத்துல யானை நிக்கிது!"

நெல்லைத் தின்று முடித்த யானை, அடுப்போடு நெல் மூட்டையும் இருந்த குசினிச் சுவரை இடித்தது. நாங்கள் பின்னறையில் கலிமா சொல்லிக்கொண்டு பதுங்கியிருந்தோம். அயலவர்கள் வெடி கொளுத்திய பிறகுதான் அது போனது.

இடிந்த சுவரைப் படமெடுத்து, யானை வந்த கதையோடு மச்சிக்கு அனுப்பினேன்.

"அல்லாஹ்வே! வீட்டுக்கே யானை வந்திச்சா மச்சி? இங்க எல்லாருக்கும் காட்டினன், ஒங்களப் பார்த்துப் பொறாமைப்படுறாங்க" என்று பதில் வந்தது.

இப்போது முற்றத்தில் ஒரு நெல்மணிகூடக் கிடக்க விடுவதில்லை. பொழுதுபடுமுன் கூட்டிவிட்டுத்தான் மறுவேலை. மச்சியிடமிருந்து பனி வீடியோ வந்தால் மட்டும், அந்தப் பதிலை எடுத்து இன்னொருமுறை வாசித்துக்கொள்கிறேன்.