மோட்டார் கருகிய கோடை

எம்.ரெட்டியபட்டியில் பருத்தி விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் எங்கள் அண்ணன். அவருக்கு அடுத்தவள் நான். மழை பொய்த்த ஆண்டுகளில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, இன்ஜின் மெக்கானிக் வேலை பழகினார். அறுபதுகளின் நடுவில் குடிநீர் நிலையம் ஒன்றில் மோட்டார் இயக்குபவராகச் சேர்ந்தார். ஆற்றுப்படுகைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அவர் பணி.

ஒருவர் வராவிட்டால் ஊரே தவிக்கும் நிலை அண்ணனை உறுத்தியது. வால்வு திறக்கும் ராமையாவுக்கு மோட்டாரையும், காவலர் இருளாண்டிக்கு வால்வுகளையும் பழக்கினார். தாமும் குழாய் ஒட்டக் கற்றுக்கொண்டார். "இவுக நம்ம வேலைக்கு உலை வைக்கிறாக" என்று சிலர் முணுமுணுத்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், கிணறு அடிமட்டத்துக்குப் போயிருந்த ஒரு கோடையில் மோட்டாரின் கம்பிச்சுருளான காயில் கருகியது. லாரியில் மதுரைக்கு அனுப்பினார்கள். திரும்பிவர நான்கு நாளாகும் என்றார்கள். தொட்டியில் இருந்ததோ ஒரு நாள் தண்ணீர். அதை அண்ணன் தெருவாரியாக முறைவைத்தார். மோட்டார் திரும்பும்வரை பம்பை ஓட்ட, பந்தல்குடியில் வெள்ளாமை செய்யும் சம்சாரி ஒருவரிடம் டீசல் இன்ஜின் இரவல் கேட்டு ஆளனுப்பினார். நிலையத்து வாசலில் குடங்களோடு கூட்டம் நெருக்கியது. செல்வாக்குள்ள ஒருவர் தம் தெருவுக்கு மட்டும் உடனே திறக்கச் சொல்லி மிரட்டினார்.

"உங்க தெருவுக்கு நாளைக்குத்தான் முறை அய்யா. இன்னைக்குத் தெறந்தா கடைசித் தெருவுக்குச் சொட்டு வராது" என்றார் அண்ணன். வேலை போய்விடும் என்று வீட்டில் நடுங்கினோம்.

மறுநாள் இன்ஜின் வந்தது. இறக்கும்போது கயிறு நழுவி, இன்ஜின் அவர் வலக்கையை நசுக்கியது. மதுரை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். ஊரிலிருந்து சேதியே வராத இரண்டு நாளும் அண்ணன் சோற்றைத் தொடவில்லை; வருகிற ஆளையெல்லாம் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாம் நாள் ராமையா வந்து கட்டிலருகே நின்றார்.

"இன்ஜின நானும் இருளாண்டியும் மாட்டிட்டோம்ணே. எந்தத் தெருவுக்கும் தண்ணி நிக்கல" என்றவர், தயங்கி, "நீங்க இல்லாமயே ஓடுது" என்றார்.

"அப்படித்தான்ப்பா ஓடணும்" என்றார் அண்ணன். அவர் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் இருக்க, சென்ற மாதம் மஞ்சள் காமாலையில் படுத்த அண்ணன் மூன்றே வாரத்தில் எங்களைவிட்டுப் போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு நிலையத்து ஆட்கள் சேர்ந்து வரவில்லையே என்று உறவினர் சிலர் குறைப்பட்டார்கள். அவர்கள் இருவர் இருவராக வந்து மாலையிட்டு, மற்றவர்களை அனுப்பத் திரும்பிப் போனார்கள். அன்றும் எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் வந்தது.

அண்ணனைத் தோளில் சுமந்தவர்களுக்கும், அன்று இன்ஜின் தந்த பந்தல்குடிப் பெரியவருக்கும், மற்றவர்களை அனுப்பிவிட்டு, கடைசிவரை முகம் பார்க்க வர முடியாமல் பம்பருகே நின்ற இருளாண்டி அவர்களுக்கும் அண்ணியும் பிள்ளைகளும் நானும் கைகூப்புகிறோம்.