உப்பு இறங்காத பாய்

கழுவிய படகுப் பாயின் முனையை நாக்கில் தொட்டுப் பார்ப்பது சைத்தூன் பீவியின் வழக்கம். மகள் ரிஃப்காவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒவ்வோர் ஆனியிலும் இது நடக்கிறது. கரித்தால் முகம் கோணி, "இன்னொரு முங்கு" என்பாள். கரிக்காவிட்டால் வெற்றிலைப் பையை எடுப்பாள்.

ஆனிக் கடைசியில் அதிராம்பட்டினம் பக்கத்துக் கரையில் பாய்மரப் படகுப் பந்தயம். அதற்கு முந்தின வாரம் வாப்பா மீரா உசேன் படகைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார். பாய் உம்மாவின் பொறுப்பு. உப்பேறிய பாய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கனக்கும். போன வருடம் அவசரத்தில் ஒரே அலசல். படகு கடைசியாக வந்தது. "பாயா, போர்வையா?" என்று யாரோ கேட்டது அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

ஊரில் நல்ல தண்ணீர் குடிக்கவே திண்டாட்டம். அதனால் பாயைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி பக்கத்து ஊர் விவசாயி வீரையனின் வயலுக்குக் கொண்டுபோவார்கள். மோட்டார் தொட்டியில் அலசி, நெல்லடிக்கும் களத்தில் காயப்போடுவார்கள். வீரையன் இதற்குக் காசு வாங்கியதில்லை. முதல் வருடமே ஒன்று மட்டும் கேட்டார்.

"என்னை ஒரு தடவ பாய் விரிச்சுக் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிடு தங்கச்சி."

"பந்தயம் முடியட்டும்ணே."

பதினோரு பந்தயங்கள் முடிந்துவிட்டன.

இந்த வருடம் மூன்று முங்கு போட்டும் உம்மாவின் முகம் கோணலாகவே இருந்தது.

"அண்ணே, தண்ணியே கரிக்குது."

"யாரு மோட்டாரச் சொல்ற? ஒன் பாய்ல இருக்குற உப்ப என் தலையில கட்டாத!" வீரையன் குழாயில் கையேந்திக் குடித்தார். மறுபடி குடித்தார். "லேசா... சவரு தட்டுது."

ரிஃப்கா வேதியியல் படித்தவள். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். நாக்கை நம்பலாமா என்று பல வருடம் மனதுக்குள் கேட்டிருக்கிறாள். விரலை நனைத்து நக்கிப் பார்த்தாள். கரித்தது.

மறுநாள் பந்தயம்.

"வாய்க்கால்ல காவேரி நேத்துதான் வந்துச்சு," என்றார் வீரையன். "ஆனா புதுத்தண்ணி. செக்கச்செவேல்னு கெடக்கு."

"வெள்ளப் பாய அதுல முக்கினா கரையே சிரிக்கும்ணே."

"உம்மா, நெறம் கனக்காது. உப்புதான் கனக்கும்," என்றாள் ரிஃப்கா. சொன்ன பிறகுதான், இது படித்ததா, வாய்க்கு வந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

உம்மா பாயின் ஒரு முனையைத் தூக்கினாள். "எறக்கு."

வாய்க்காலில் இரண்டு முங்கு. நாக்கில் தொட்டவள் வெற்றிலைப் பையைத் தேடினாள்.

மறுநாள் வெள்ளைப் பாய்களுக்கு நடுவே அவர்களுடையது மட்டும் பழுப்பாக நின்றது. "மீரா உசேனு, டீ வடிகட்டுன துணியா?" என்று கரை கத்தியது. திரும்பி வரும்போது அந்தப் பழுப்புதான் முன்னால் வந்தது. இரண்டு படகு நீளம். வாப்பா கைலியோடு கடலில் குதித்தார். உம்மா முழங்கால் தண்ணீருக்குள் ஓடி, பாயின் முனையைப் பிடித்து, வழக்கம்போல நாக்கில் வைத்தாள்.

"தூ! கடலு!"

ரிஃப்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கரையில் வீரையன் புது வேட்டியில் நின்றிருந்தார்.

"அண்ணே, இப்பவே ஏறுங்க!"

வந்தார். ஓர் அலை முழங்காலில் அடித்தது. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மட தொறக்கணும் தங்கச்சி. நாத்தங்கால் காயுது."

"காலையிலதானே தொறந்துட்டு வந்தேன்னீங்க?"

"அது வேற மட," என்றவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பன்னிரண்டு பந்தயமாகியும் அந்தக் கடல் சவாரி உம்மாவின் பேரில் பாக்கி நிற்கிறது.