கிளெனிஸின் காரில் இடக்கைக்காரன் வைத்த ஒட்டு

கிளெனிஸ் பிராஸர் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் வைத்துவிட்டுப் போன புட்டியைக்கூட மூடியை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பாள். லெட்பரி என்கிற சிறு ஊரில் அவளுக்கு அடுத்த வீடு என்னுடையது. பன்னிரண்டு வருடம் பழகிய பிறகு தன் கராஜ் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்து வைத்தாள். அடுத்த மாதமே பூட்டை மாற்றிவிட்டாள்.

இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற கையோடு, கூரை மடிக்கிற பழைய எம்.ஜி.பி. கார் ஒன்றைத் தேடினாள். பழைய கார்க்காரர்கள் சங்கத்தை நடத்திவந்த டெஸ்மண்ட்தான் ஒன்று இருப்பதாகச் சொன்னார். பிராம்யார்டில் ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் கிடந்தது. எஞ்சின் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, காகிதம் இல்லை. கதவு இரண்டோடு வெறும் கூடு, அதற்கு மங்கிய நீலப் பெயிண்ட்.

"பிரஷ்ஷால அடிச்சிருக்கு டெஸ்மண்ட். காருக்கு யாரு பிரஷ்ஷால பெயிண்ட் அடிப்பா? எதையோ மறைக்கிறவன்தான்."

"கஞ்சனும் அடிப்பான்" என்றார் டெஸ்மண்ட்.

வாங்கிவிட்டாள். மூன்றாம் வாரம் முகமெல்லாம் துருத்தூளோடு என் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஒரு நிமிஷம் வந்து பாரேன்."

காரின் தரையில் பூசியிருந்த தாரைச் சுரண்டியிருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரம் வைத்துப் பற்றவைத்திருந்தது. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

"இது கிளிஃபர்ட் வேலை" என்றாள்.

கிளிஃபர்ட் புரோபர்ட் அவளுடைய முன்னாள் கணவர். டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். இடக்கைக்காரர்.

"பத்தவெக்கும்போது எல்லாரும் இந்தப் பக்கத்துலேருந்து இழுப்பாங்க. அவன் அந்தப் பக்கத்துலேருந்து வருவான். முடிக்கிற இடத்துல ஒரு சுழி வைப்பான் பாரு. முன்னே என்கிட்ட இருந்த சிவப்பு எம்.ஜி.பி.லயும் இதே இடத்துலதான் ஒட்டு போட்டான்."

"அவர் எத்தனையோ பேர் காருக்கு ஒட்டு போட்டிருப்பாரே."

மறுநாள் காலை ஓட்டுநர் பக்கத்துக் கதவைச் சுரண்டினாள். நீலத்துக்கு அடியில் சிவப்பு வந்தது. சிவப்புக்கு அடியில் மெழுகி மூடிய இரண்டு துளைகள்.

"கண்ணாடி மாட்டறேன்னு ரெண்டு தடவை அளவு தப்பி ஓட்டை போட்ட முட்டாள் நான்தான்" என்றாள். "இது என் கார்."

பத்தொன்பது வருடத்துக்கு முன் அந்தச் சிவப்பு கார் அவளும் கிளிஃபர்டும் இருந்த வீட்டு வாசலிலிருந்து காணாமல் போயிருந்தது. காலை வேலை முடிந்து வந்தபோது இடம் காலியாக இருந்ததாம். திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள், போலீசுக்குச் சொல்லிவிட்டேன் என்றாராம் கிளிஃபர்ட். ஆறு மாதம் கழித்து அவள் இரண்டு பைகளோடு அவரைவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது அவள் சந்தேகம் முதலில் டெஸ்மண்ட் மேல் விழுந்தது. "ஊர்ப்பட்ட கூடு கிடக்கு. எனக்கு இதையே ஏன் காட்டினான்? வெள்ளிக்கிழமை ஆனா பப்புல அவனும் கிளிஃபர்டும் ஒண்ணாத்தானே உக்கார்றாங்க." கராஜ் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து செய்தித்தாள் ஒட்டினாள். டெஸ்மண்ட் கூரைக்கான கம்பிச்சட்டத்தை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். மனிதர் என்னிடம் வந்து, "நான் என்னம்மா பண்ணேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் வியாபாரியிடம் போய் நின்று, கூடு எங்கிருந்து வந்ததென்று துருவினாள். செத்துப்போன ஒரு விவசாயியின் கொட்டகையை மொத்தமாகக் காலி செய்தபோது கிடைத்ததென்றான் அவன். விவசாயியின் பெயர் ஆல்வின் புரோபர்ட். கிளிஃபர்டின் அண்ணன்.

சனிக்கிழமை என் காரில் கிளிஃபர்ட் வீட்டுக்குப் போனோம். தோட்டத்தில் அவரைக்கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டதும் உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். கிளெனிஸ் அந்த ஒட்டின் படத்தை மேசைமேல் வைத்தாள்.

"உன் அண்ணன் கொட்டகைக்கு என் கார் எப்படிப் போச்சு?"

அவர் மூன்று கோப்பையிலும் பாலை ஊற்றி முடித்தார். "நான்தான் ஓட்டிட்டுப் போனேன்."

"போலீசுக்குச் சொன்னேன்னியே."

"சொல்லல."

"எதுக்கு இப்படிப் பண்ணே?"

"செவ்வாக்கிழமையானா சர்ச்சுல பாடப் போறேன்னு மால்வர்னுக்குக் கிளம்பிடுவே. ஒருநாள் நானும் வந்து பார்த்தேன். எல்லாரும் பாடிட்டிருந்தாங்க, நீ மட்டும் இல்ல." அவர் படத்தைத் திருப்பிக் கவிழ்த்தார். "யாரோ இருக்கான்னு நெனச்சேன். கார் இருந்தாத்தானே போவேன்னு..."

கிளெனிஸ் படத்தை மறுபடி நிமிர்த்தி வைத்தாள்.

"வெல்டிங் கிளாஸ்" என்றாள்.

"என்னது?"

"மால்வர்ன்ல சாயங்கால கிளாஸ். என் காருக்கு நானே ஒட்டு போடணும்னு ஆசை. உன்கிட்ட சொன்னா சிரிப்பேன்னு சொல்லல."

கிளிஃபர்ட் யோசித்தார். "சிரிச்சிருப்பேன்" என்றார்.

"அப்புறம் திருப்பிக் கொடுக்கறதுக்கு என்ன?"

"கொடுத்தா ஒத்துக்கணுமே. நீ பஸ் ஏறிப் போன அன்னிக்கு நேரா கொட்டகைக்குத்தான் போனேன். எடுத்துட்டு உன் பின்னாலயே வரலாம்னு. ஆல்வின் அதுக்குள்ள எஞ்சினைக் கழட்டி வித்துட்டான். நீலமும் அடிச்சு வெச்சிருந்தான்."

கிளெனிஸ் பையிலிருந்து காகிதத்தை எடுத்து அவர்முன் தள்ளினாள். "இப்பச் சொன்னதை அப்படியே எழுது. தேதி போடு. கையெழுத்து போடு." சாட்சி என்று என்னையும் கையெழுத்துப் போட வைத்தாள். தேநீரை யாரும் தொடவில்லை.

திரும்பி வரும்போது பாதி வழிவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "மால்வர்ன் வரைக்கும் பின்னாலயே வந்திருக்கான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன். அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டெஸ்மண்டிடம் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாளைக் கிழித்துவிட்டு, பழக்கேக் ஒன்று சுட்டுக்கொடுத்தாள். அவர் புரிந்துகொண்டார். பழைய பதிவுக் காகிதத்தை அவள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அதையும் கிளிஃபர்டின் கடிதத்தையும் சேர்த்து வண்டிப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி, எட்டு மாதம் எழுதி எழுதிக் கேட்டபின் காரின் பழைய எண்ணே திரும்பக் கிடைத்தது.

ஆனால் காரைப் பழையபடி ஆக்க அவளுக்கு மனமில்லை. வேறொரு எஞ்சினும் ஐந்து கியர் உள்ள பெட்டியும் வைத்தாள். ஸ்டியரிங் லேசாகத் திரும்ப மின்மோட்டார் பொருத்தினாள். சிவப்பு வேண்டாமென்று கரும்பச்சை அடிக்கச் சொன்னாள். டெஸ்மண்ட் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இப்படி ஒரு காரைக் கொல்றதை நான் பார்த்ததில்ல."

"பஸ் ஓட்டித் தேஞ்ச தோள் இது. நீ வந்து எனக்காகத் திருப்புறியா?"

அடுத்த கோடையில் சங்கத்தின் கார்க் கண்காட்சிக்குக் கிளிஃபர்ட் வந்தார். காரை இரண்டுமுறை சுற்றிவந்து, அதன் தரையில் அவள் புதிதாகப் போட்டிருந்த ஒட்டைக் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, லட்லோ வரை வருகிறாயா என்று அவளாகவே அவரைக் கேட்டாள். நான் என் காரில் பின்னால் போனேன்.

நல்ல வெயில், கூரை மடித்திருந்தது. வழியெல்லாம் இருவரும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு போனார்கள். லட்லோவில் தேநீர்க் கடைக்கு எதிரே நிறுத்தினாள். கிளிஃபர்ட் முழங்கால் வலிக்கிறது, காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றார்.

"தாராளமா உக்காரு" என்றாள் கிளெனிஸ். சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு ஸ்டியரிங் நடுவில் இருந்த பொத்தானை அழுத்தி, அந்த ஸ்டியரிங்கையே மொத்தமாகக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நடந்தாள்.