கசிவுக்காரரின் சாப்பாட்டு டப்பா

எங்கள் தெருவில் அவரைக் கசிவுக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். ஊருக்கு மேலே இருக்கும் மண் அணையில் அவருக்கு வேலை. அணையின் அடிவாரத்தில் கசிந்து வரும் தண்ணீரைத் தினமும் அளக்க வேண்டும், ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

"அணை கசியுதாமே?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனுஷன் விடமாட்டார். "எல்லா அணையும் கசியும்யா. தெளிவா வந்தா நிம்மதியா தூங்கு. கலங்கி வந்தா, உள்ள மண்ண அரிச்சிட்டு வருதுன்னு அர்த்தம். அப்ப ஓடு!" என்பார். நாங்கள் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

சைரன் கேட்டால் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற வேண்டும் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். நல்ல கெட்டித் தாள். நான் தையல்காரன். படிக்காமலேயே அதில் காலர் அளவு வெட்டி வைத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன்.

முதல் ஒத்திகையில் சைரன் காதைக் கிழித்தது. மேட்டில் இருந்தவர் ஒரே ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார். அவர் காலையிலிருந்தே அங்கேதான் இருந்தார்.

மற்றவர்கள் என்ன செய்தோம்? வாசலுக்கு வந்து கசிவுக்காரரின் மனைவியைப் பார்த்தோம். அந்த அக்கா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். ஆபத்து என்றால் அவருக்குத் தெரியாமலா போகும்? அக்காவோ அணை வாட்ச்மேனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, அவரு சாப்பிட்டாரா?"

"ரெண்டாவது தடவ சோறு போட்டுக்கிறாரு அண்ணி."

அக்கா போனை வைத்துவிட்டு அடுத்த துணியை உதறினார். நாங்களும் உள்ளே போனோம்.

விஷயம் தெரிந்ததும் கசிவுக்காரர் தெருவில் நின்று கத்தினார். "என் வயித்த நம்பியாய்யா ஒரு ஊரே உக்காந்திருக்கு?" ஒத்திகை நாளில் மட்டும் பட்டினி கிடக்கும்படி அணை இன்ஜினியர் யோசனை சொன்னாராம். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. ஒருநாள் மதியம் பன்னிரண்டரைக்கு சைரன் ஊதியது. ஒத்திகை என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல எல்லோரும் வாசலுக்கு வந்தோம். அக்கா ஜன்னலோரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கே யாரும் எடுக்கவில்லை. நாங்கள் வெட்கம் கெட்டுப்போய் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியில் வாட்ச்மேன் எடுத்தான். மூச்சிரைத்தது.

"அண்ணி, அண்ணன் டப்பாவையே தொறக்கல!"

அக்கா போனைக் கீழே போட்டுவிட்டுக் கையில் கரண்டியோடு ஓடினார். அவர் ஓடினதும் தெருவே ஓடியது. நான் ஒற்றைக் கை வைத்த சட்டையும் கழுத்தில் டேப்புமாக ஓடினேன்.

மேட்டில் சாயங்காலம் வரை நின்றோம். கசிவு செம்மண் நிறத்தில் வந்ததைப் பார்த்து கசிவுக்காரர்தான் முதலில் தகவல் சொன்னாராம். மதகைத் திறந்து அணையின் நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். கசிந்த இடத்தில் மணலும் சரளையும் லாரி லாரியாகக் கொட்டினார்கள். அணை நின்றது. இருட்டுவதற்குள் அவர் மேலே வந்தார். பேன்ட் முழுக்கச் சேறு, கையில் திறக்காத டப்பா. எங்களையெல்லாம் மேட்டில் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

"எல்லாரும் வந்துட்டீங்களே! நோட்டீஸ் வேல செஞ்சிடுச்சு பாத்தியாம்மா?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எட்டு தடவ போன் மணி அடிச்சுதுங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்க நான் நின்னுட்டிருந்தேன். என்னப் பாத்துக்கிட்டு தெருவே நின்னுச்சு. வாட்ச்மேன் போன எடுக்கவே இல்லைன்னா?"

கசிவுக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "நான் ஊர்ல இல்லாத அன்னிக்கு யாரைப் பாத்துட்டு நிப்பீங்க?"

எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்ப விட்டதும் அந்தக் காலர் தாளைத் தேடி எடுத்தேன். அச்சடித்த பக்கத்தை முதல்முறையாகப் படித்தேன். 'சைரன் கேட்டதும் யாரையும்' என்பதோடு வரி நின்றது. மீதியை நான் வெட்டி எறிந்திருந்தேன். கசிவுக்காரரிடம் போய் இன்னொரு நோட்டீஸ் கேட்டேன்.

"இதுலயும் காலர் வெட்டுவியா?" என்றார்.

"இல்லண்ணே," என்றேன். அங்கேயே நின்று சத்தமாகப் படித்தேன். 'சைரன் கேட்டதும் யாரையும் எதிர்பார்க்காமல் மேட்டுக்கு நடக்கவும்.'