சலீம் பாய் கொளுத்தாத கார்

சலீம் பாய் இறந்த செய்தியை டாக்ஸி ஸ்டாண்ட் குமார்தான் போனில் சொன்னான். "அண்ணாத்த, நம்ம எலக்ட்ரீஷியன் பாய் காலைல போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தேன். துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வெட்கம். அவர் உயிரோடிருந்தபோது ஊரறியச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லாமலே விட்டுவிட்டேன். செங்கல்பட்டில் ஒரே ஷெட்டில் பதினெட்டு வருஷம் இருந்தோம். அவருக்கு கார் வயரிங், எனக்கு பெயிண்டிங்.

அவரிடம் வேலை கொடுத்த நீங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது திட்டு வாங்கியிருப்பீர்கள். முகூர்த்தத்துக்குக் கிளம்பிய ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஸ்டார்ட்டர் போச்சு பாய், புதுசு போடு, நேரமாவுது" என்று குதித்தார். பாய் டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். "மாத்தறதுக்குக் கடைக்காரன் போதும். இன்னா கோளாறுன்னு பாக்கத்தான் நான் கீறேன். அவசரம்னா பஸ்ல போ" என்றார். பேட்டரி முனை உப்புப் பூத்துப்போயிருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்ததும் வண்டி கிளம்பிவிட்டது. அந்த மனிதர் நன்றிகூடச் சொல்லவில்லை, பாயும் எதிர்பார்க்கவில்லை.

இனி அந்தக் காரின் கதை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மதுராந்தகத்து நெல் வியாபாரி ஒருவருடைய பழைய பெட்ரோல் கார். ஆயுத பூஜைக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று எங்களிடம் விட்டிருந்தார். பாய் இக்னிஷன் சுவிட்சையும் அதன் வயர்களையும் புதிதாகப் போட்டார். பானெட்டுக்குள் நான் கறுப்பு பெயிண்ட் அடித்தேன். பூஜை முடிந்து வியாபாரி குடும்பத்தோடு மாமல்லபுரம் போனார். திரும்பக் கிளம்பும்போது வண்டி 'டக்' என்றதோடு நின்றுவிட்டது. மறுபடி மறுபடி சாவியைத் திருப்ப, உள்ளே புகை. மகளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். "இன்னா பாய், வயரிங்கைக் கொளுத்தி வச்சிகீற? உள்ள எம்பொண்ணு இருந்துச்சு" என்று வியாபாரி சட்டையைப் பிடிக்க வந்தார். பாய் ஹெட்லைட்டைப் போட்டார், நன்றாக எரிந்தது. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கு நேராக ஒரு கேபிள் கொடுத்துச் சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட் ஆனது.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பட்டை எர்த் வயர் உண்டு. ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்திலும் பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே முறுக்கியவன் நான். போல்ட் மரை வழியாக ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தது மாமல்லபுரத்தில் விட்டுப்போக, வழியில்லாத கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிளில் பாய்ந்து அதைச் சுட்டிருக்கிறது. பாய் பெயிண்டைச் சுரண்டி வயரை மாட்டினார். "எர்த்து புடிக்கல. சரிபண்ணிட்டேன். என் வயரு ஒண்ணுகூட எரியல" என்றார்.

"மன்னிப்பாவது கேளு" என்றார் வியாபாரி.

"செய்யாததுக்கு இன்னாத்துக்குக் கேக்கணும்? வண்டி ஓடுது, எடுத்துகினு போ."

வியாபாரி போனதும் பாயிடம் கேட்டேன், என் பேரை ஏன் சொல்லவில்லை என்று. "நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. பாய் காரைக் கொளுத்திவிட்டார் என்று வியாபாரி ஊரெல்லாம் சொன்னதில், டாக்ஸி ஸ்டாண்டு வண்டிகள் இரண்டு வருஷம் அவரிடம் வரவில்லை. என்னிடம் வந்துகொண்டிருந்தன. மத்தியானம் இருவரும் சேர்ந்தே சாப்பிட்டோம். எனக்கு எப்படித்தான் சோறு இறங்கியதோ.

கபர்ஸ்தானுக்கு அந்த வியாபாரியும் வந்தார். மூன்று பிடி மண் போட்டுவிட்டு, வெளியே வந்து, "நல்ல மனுஷன். என் காரைக் கொளுத்தினதை எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். பாவி, நானும் பேசாமல் நின்றேன். மன்னிக்க அவர் யார்? தலையாட்ட நாம் யார்? செய்யாத தப்புக்குக் கடைசிவரை தலைகுனியாத மனிதரை, மண்ணுக்குள் வைத்த பிறகு குனிய வைத்துவிட்டு வந்தோம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஸ்டாண்டு போர்டிலும் ஒட்டப்போகிறேன். வியாபாரிக்கு ஒரு பிரதி நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இனி என் ஷெட்டுக்கு வண்டி வராவிட்டால் போகட்டும்.

அஞ்சலி எழுதுகிறவர்கள், போனவரிடமிருந்து தங்களிடம் இருப்பதைச் சொல்வார்கள். சலீம் பாயுடைய நல்ல பேர் என்னிடம் இருந்தது. ஒன்பது வருஷமாக நான் பிழைத்தது அதில்தான். அந்த வண்டியைக் கெடுத்தவன் நான், பெயிண்டர் தங்கராசு.